இரண்டு பேர், நெடுஞ்சாலை, பழைய க்ரூஸர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து நானும் என் மனைவியும் வண்டியிலேயே ஊர் சுற்றுகிறவர்கள். முதலில் அவெஞ்சர், அப்புறம் தண்டர்பேர்டு, இப்போது மீட்டியர். மூன்றுமே செகண்ட் ஹேண்ட் க்ரூஸர் பைக்குகள். அதனால் சொந்தக்காரர்களில், ஆபீஸில் யாருக்கு க்ரூஸர் ஆசை வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

க்ரூஸர்னா என்ன சார்? புல்லட்டும் க்ரூஸர்தானே?

இல்லை. க்ரூஸரில் சீட் தாழ்வாக இருக்கும், கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளி இருக்கும், ஹேண்டில்பார் நம்மை நோக்கி வளைந்து வரும், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே தூரம் அதிகம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி ஓட்டலாம். புல்லட், கிளாசிக், ஹோண்டா ஹைனெஸ் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் ரகம் வேறு.

நம்மூரில் பழைய விலைக்குக் கிடைக்கும் க்ரூஸர்கள் என்றால் பஜாஜ் அவெஞ்சர் 220, ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு, மீட்டியர் 350, சூப்பர் மீட்டியர் 650. கையில் காசு தாராளமாக இருந்தால் கவாசாகி வல்கன் எஸ், ஹார்லி ஸ்ட்ரீட் 750.

350 போதுமா, இல்ல கடனை வாங்கியாவது 650 போயிடலாமா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். முதலில் ஒரு கணக்கு. அவெஞ்சர் 220, தண்டர்பேர்டு 350, மீட்டியர் மூன்றுக்கும் குதிரைத்திறன் ஏறக்குறைய ஒன்றுதான், 19 முதல் 20 வரை. ஆனால் டார்க் எனப்படும் இழுவை அவெஞ்சரில் சுமார் 17.5 நியூட்டன் மீட்டர், மற்ற இரண்டிலும் 27, 28. தனியாகப் போகும்போது இது தெரியாது. பின்னால் ஆள், இரண்டு பக்கமும் பை, எதிர்க்காற்று என்று வந்தால் அவெஞ்சரில் கியரைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 350-இல் அதே கியரில் முனகாமல் இழுக்கும். அவெஞ்சரிலிருந்து மாறினால் கிடைக்கும் லாபம் வேகமில்லை, இந்த நிதானம்தான்.

சூப்பர் மீட்டியர் இரட்டை சிலிண்டர், 648 சிசி, 47 குதிரைத்திறன், 52 நியூட்டன் மீட்டர். நூறில் போகும்போதும் மூச்சு மிச்சம் இருக்கும். ஒரு லாரியை முந்துவதற்கு 350-இல் நாலு தடவை யோசிக்க வேண்டும், இதில் யோசிக்க வேண்டாம். ஆனால் 241 கிலோ. பெட்ரோலும் 350-ஐ விட லிட்டருக்குப் பத்து கிலோமீட்டராவது குறைவாகக் கொடுக்கும்.

என் கணக்கு இதுதான். மாதம் ஒரு தடவை 200, 300 கிலோமீட்டர், வேகம் 80, 90 என்றால் 350 தாராளம். திருச்சியிலிருந்து சென்னைக்கு இருவரும் பையுமாக எத்தனையோ முறை போயிருக்கிறோம், இன்னும் சிசி வேண்டும் என்று தோன்றியதில்லை. ஒரே மூச்சில் 500, 600 கிலோமீட்டர், அதுவும் அடிக்கடி என்றால் 650 பாருங்கள். கடன் வாங்கி வேண்டாம். அந்த வண்டிக்கு டயர் மாற்றும் நாளில் ஏன் சொன்னேன் என்று புரியும்.

வீட்டுக்காரம்மாவுக்கு இடுப்பு வலி வருதாம். எந்த வண்டி எடுத்தா அவங்களுக்கு வசதி?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவருக்கு மாலை போட வேண்டும். பெரும்பாலானவர்கள் வண்டி வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் இதைக் கேட்கிறார்கள். க்ரூஸர் என்றால் ஓட்டுகிறவருக்குச் சோபா. பின்னால் இருப்பவருக்குப் பல வண்டிகளில் ஒரு தலையணைதான். சீட் சின்னது, பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், பின் ஷாக் அப்சார்பர் ஏறி இறங்கும் தூரமும் குறைவு. பள்ளத்தில் விழும் அடி நேராக அவர் முதுகுக்குப் போகும்.

பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, பேக்ரெஸ்ட். மீட்டியரில் ஸ்டெல்லார், சூப்பர்நோவா வகைகளில் கம்பெனியே கொடுத்தது, ஃபயர்பாலில் கிடையாது. சூப்பர் மீட்டியரில் செலஸ்டியல் வகைக்குப் பேக்ரெஸ்ட், அகல சீட், முன் கண்ணாடி மூன்றும் உண்டு. மற்ற வகைகளுக்குத் தனியாக வாங்கி மாட்டலாம். இரண்டாவது, ஃபுட்ரெஸ்ட் உயரம். முழங்கால் இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் ஒரு மணி நேரத்தில் கால் மரத்துவிடும். மூன்றாவது, பின் ஷாக்கின் ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கம். மீட்டியரில் ஆறு படிகள். முந்தைய ஓனர் தனியாக ஓட்டியவர் என்றால் அது முதல் படியிலேயே கிடக்கும். இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று படி ஏற்றினாலே வண்டி வேறு மாதிரி இருக்கும். பின் டயரில் காற்றும் இருவருக்கான அளவில் இருக்க வேண்டும்.

தெருமுனை வரை போய்த் திரும்பும் டெஸ்ட் ரைடில் இதெல்லாம் தெரியாது. அவரைக் கூட்டிக்கொண்டு குறைந்தது 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இறங்கியதும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள், "நல்லாதான் இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "இப்படியே இன்னும் இரண்டு மணி நேரம் போலாமா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

அம்மா சேலை கட்டிக்கிட்டு ஒரு பக்கமாதான் உட்காருவாங்க. க்ரூஸர் சரிப்படுமா?

ஊருக்குள் கோயிலுக்கு என்றால் சரி. நெடுஞ்சாலைக்கு நான் வேண்டாம் என்பேன், எந்த வண்டியாக இருந்தாலும். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பேக்ரெஸ்ட் முதுகுக்கு உதவாது, இடிக்கத்தான் செய்யும். எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 190 கிலோ வண்டியை யூ டர்ன் போடும்போது அது நன்றாகவே தெரியும்.

சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும். பழைய க்ரூஸர்களில் அழகு கெடுகிறது என்று இதைத்தான் முதலில் கழற்றிப் போட்டிருப்பார்கள். சேலை மட்டுமில்லை, துப்பட்டாவும் இழுக்கும்.

நான் 5 அடி 3 அங்குலம். இவ்ளோ வெயிட்டான வண்டியைத் தாங்க முடியுமா?

உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். க்ரூஸர்களின் பெரிய நன்மை அதுதான். சீட் உயரம் வல்கன் எஸ் 705 மில்லிமீட்டர், அவெஞ்சர் 737, சூப்பர் மீட்டியர் 740, மீட்டியர் 765. இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியும்.

கவலைப்பட வேண்டியது எடையை நினைத்து. அதுவும் ஓடும்போது இல்லை, நிற்கும்போது. அவெஞ்சர் சுமார் 163 கிலோ, மீட்டியர் 191. வல்கன் சுமார் 235, சூப்பர் மீட்டியர் 241. வாங்கும் முன் ஒரு சோதனை: இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியில் உட்காராமல், லேசான ஏற்றத்தில் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கல்யாண மண்டபத்து பார்க்கிங்கில் தினமும் நடக்கப்போவது அதுதான். வீட்டு வாசலில் சரிவு இருந்தால் அங்கேயே கொண்டுவந்து தள்ளிப் பார்ப்பது இன்னும் நல்லது.

எந்த வருஷ மாடலுக்கு மேல வாங்கலாம்?

இரண்டு தேதிகளை நினைவில் வையுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி. இரண்டு பேரும் சுமையுமாக, மழையில் திடீர் பிரேக் பிடித்தால் ஏ.பி.எஸ். என்ன செய்யும் என்று எனக்கு ஒருமுறை விராலிமலை அருகே தெரிந்தது. மாடு குறுக்கே வந்தது, வண்டி நேராக நின்றது. அதற்கப்புறம் ஏ.பி.எஸ். இல்லாத பெரிய வண்டியை யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

விலை பேசும்போது இன்னொரு தேதியும் உதவும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. புது மீட்டியரின் விலை இறங்கிய பிறகும் பழைய மீட்டியரை முந்தைய கணக்கிலேயே விற்கப் பார்க்கிறார்கள். அன்றைய புது வண்டியின் ஆன்ரோடு விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 650-க்கு இது தலைகீழ். புதுசு ஏறியதால் பழசும் இறங்க மறுக்கிறது.

பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, அஞ்சு வருஷ வண்டி. ஜாக்பாட்தானே?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி செத்திருக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்திருக்கும், டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் கல்லாக இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் இரண்டு டயர் காசை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மீட்டர் சொல்வதை நம்பாமல் வண்டியைப் பாருங்கள். ஹேண்டில் கிரிப், பிரேக் மிதி, ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சீட்டின் ஓரம் எல்லாம் வழவழவென்று தேய்ந்து, மீட்டர் மட்டும் பத்தாயிரம் காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். சர்வீஸ் சென்டர் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும், அதைக் கேட்டால் பொய் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் நாற்பதாயிரம் ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டி எனக்கு இதைவிட மேல்.

வண்டி பார்க்கப் போறப்ப மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகணுமா? நானே என்ன பார்க்கலாம்?

கூட்டிப்போங்கள், ஐந்நூறு ஆயிரம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. அதற்கு முன்பே நீங்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. போனதும் முதல் வேலையாக இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். நான் தண்டர்பேர்டு தேடிய காலத்தில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் காலை ஒன்பது மணிக்கே வண்டி சூடாக இருந்தது. "இப்பதான் கழுவி எடுத்துட்டு வந்தோம்" என்றார். மறுநாள் சொல்லாமல் போய் நின்றேன். ஸ்டார்ட் ஆகப் பத்து நிமிடம், ஆனதும் சைலன்சரில் நீலப் புகை.

அப்புறம் ஃபோர்க். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை அழுத்துங்கள், பளபளப்பான பைப்பில் ஆயில் கோடு விழக்கூடாது. நடு ஸ்டாண்டு இருந்தால் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேர் நிலையில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், அதாவது கோன் செட், போயிருக்கிறது. ஓட்டும்போது காலியான ரோட்டில் நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால் விழுந்து எழுந்த வண்டி. க்ராஷ் கார்டை மட்டும் புதிதாக மாற்றியிருப்பார்கள், ஃபுட்ரெஸ்ட் நுனியையும் பிரேக் லீவர் நுனியையும் மாற்ற மறந்திருப்பார்கள்.

யு.சி.இ. இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில்) வந்த தண்டர்பேர்டு என்றால் செல்ஃப் அழுத்தும்போது காது கொடுங்கள். பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு இணைக்கும் ஸ்ப்ராக் க்ளட்ச்சுக்குச் செலவு காத்திருக்கிறது.

சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி வண்டிகளில் வெள்ளத்தில் மூழ்கியதா என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் இந்த ஊர்களில் எத்தனை வண்டி தண்ணீரில் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியில் பச்சைப் பூத்திருக்கிறதா, ஒயர் கட்டுகளுக்கு நடுவே வண்டல் ஒட்டியிருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்க் கோடு இருக்கிறதா. வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சீட்டுக்கு அடியில் யாரும் போடுவதில்லை.

தண்டர்பேர்டு விலை கம்மியா வருது. மீட்டியருக்கு அவ்ளோ கூடக் கொடுக்கணுமா?

தண்டர்பேர்டு மேல் எனக்கு இன்னும் பாசம் உண்டு. 20 லிட்டர் டேங்க், ஒருமுறை நிரப்பினால் 600 கிலோமீட்டரை நெருங்கலாம். மீட்டியரில் 15 லிட்டர்தான். ஆனால் 90-ஐத் தாண்டினால் தண்டர்பேர்டின் ஒற்றைச் சிலிண்டர் கையிலும் காலிலும் நடுங்கும், பின்னால் இருப்பவருக்கு ஃபுட்ரெஸ்ட் வழியாகவும் தெரியும். மீட்டியரின் புது இன்ஜினில் அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட் உண்டு. என் மனைவி சொன்ன வித்தியாசம்: "இதுல வந்தா வீட்டுக்கு வந்தப்புறமும் ஆடிக்கிட்டே இருக்கிற மாதிரி இல்ல."

இன்னொன்று பஞ்சர். 2018-இல் வந்த தண்டர்பேர்டு எக்ஸ் தவிர மற்றவை ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு உளுந்தூர்பேட்டை தாண்டிப் பின் டயர் இறங்கியது. சக்கரத்தைக் கழற்றி ட்யூப் ஒட்டித்தர ஆள் கிடைக்க இரண்டு மணி நேரம். ட்யூப்லெஸ் என்றால் நானே பத்து நிமிடத்தில் குச்சி சொருகிக் கிளம்பியிருப்பேன். குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ட்யூப்லெஸ் டயர் போட்ட அலாய் சக்கரம் எடுக்கலாம்.

ஹார்லி ஸ்ட்ரீட் 750 இப்ப பாதி விலைக்கு விக்குறாங்களே, வாங்கலாமா அண்ணா?

பெயருக்காக என்றால் வாங்காதே தம்பி. 2020-இல் ஹார்லி இந்தியாவில் சொந்தக் கடையை மூடியது, அப்புறம் ஹீரோவோடு கைகோத்துத் தொடர்கிறது. ஸ்ட்ரீட் 750 அந்தக் காலத்தோடு நின்றுபோன மாடல். விலை இறங்கியதற்குக் காரணம் அதுதான். வி-ட்வின் (வி வடிவ இரட்டை சிலிண்டர்) இன்ஜின் நெடுஞ்சாலையில் சுகம், கோடம்பாக்கம் சிக்னலில் சித்திரை மாதம் நின்றால் தொடை வெந்துவிடும்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. உன் வீட்டிலிருந்து அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? சென்னை, கோவை என்றால் யோசிக்கலாம். புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்றால் வேண்டாம். ஒரு ஸ்பேர் பார்ட்டுக்காக வண்டி மாதக்கணக்கில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும்.

பெங்களூர்ல ஒரு சூப்பர் மீட்டியர் ரொம்பக் கம்மியா இருக்கு. கொண்டு வந்திடலாமா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி திரும்பக் கட்ட வேண்டும், புது எண் வாங்க வேண்டும். போக்குவரத்துச் செலவு தனி. எல்லாம் சேர்த்தால் பல நேரம் இங்கேயே வாங்கியிருக்கலாம் என்று ஆகிவிடும்.

"அப்படியே ஓட்டுங்க, யாரும் பிடிக்க மாட்டாங்க" என்று சொல்வார்கள். வேறு மாநில எண்ணை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47.

பேப்பர்ல எதெல்லாம் பார்க்கணும்? ஆர்.சி. புக் ஒரிஜினல் இருந்தா போதாதா?

போதாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிகிறது, அபராதச் சலான் பாக்கி இருக்கிறதா எல்லாம் தெரியும். கடன் கட்டி முடித்துவிட்டேன் என்று ஓனர் சொன்னாலும் படிவம் 35-உம் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதமும் கொடுத்து ஆர்.சி.யில் அதை நீக்கிய பிறகே முழுப்பணம். இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் நேரில் படித்து ஒப்பிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். முந்தைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும். கையெழுத்து மட்டும் போட்டு வாங்கி, "அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆறு மாதம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவருக்கு வண்டியை விற்றவர் துபாய் போய்விட்டார்.

நிறைய மாடிஃபை பண்ணின வண்டி. அவ்ளோ காசு போட்டிருக்கார்னா நமக்கு லாபம்தானே?

அவர் போட்ட காசு அவருடைய ரசனைக்கு. சத்தமான சைலன்சர் நாலு மணி நேரப் பயணத்தில் பின்னால் இருப்பவருக்குத் தலைவலி, போலீஸில் மாட்டினால் உங்களுக்கும். அகலமான பின் டயர் போட்டிருந்தால் வளைவில் வண்டி சாய மறுக்கும். ஒயரை வெட்டி ஒட்டிய லைட்டுகள்தான் மோசம், மழையில் எங்கோ ஷார்ட் ஆகும். கம்பெனி சீட், சைலன்சர், மேலே சொன்ன சாரி கார்டு எல்லாம் பத்திரமாக வைத்திருந்து தருகிறார் என்றால் பேசலாம். பேக்ரெஸ்ட், விண்ட்ஷீல்டு, பெட்டி மாட்டும் கம்பி மட்டும்தான் உண்மையில் உங்களுக்கு லாபம்.

மலைக்கும் கன்னியாகுமரிக்கும் போவோம். ரெண்டுக்கும் சரியா வருமா?

கன்னியாகுமரிக்கு நன்றாகவே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அங்கே கனமான வண்டி வரம்தான், ஆனால் பெரிய விண்ட்ஷீல்டு பாய்மரம் மாதிரி வேலை செய்யும். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மலை கொஞ்சம் யோசனை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டி, இரண்டு பேர் எடை, குறுகிய வளைவு. சூப்பர் மீட்டியரின் அடிப்பாகம் தரையிலிருந்து 135 மில்லிமீட்டர்தான், மீட்டியர் 170. போக முடியாது என்றில்லை, நான் போயிருக்கிறேன். பாதி வழியில் மனைவி இறங்கி டீ கேட்டார், எனக்கும் தேவைப்பட்டது.

குழந்தையை நடுவுல வெச்சுக்கிட்டு மூணு பேரா போலாமா? சீட் பெருசாதானே இருக்கு?

சீட் எவ்வளவு பெரிதானாலும் ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான், பிரிவு 128. நாலு வயதுக்குள் குழந்தை என்றால் அதற்கான பெல்ட், ஒன்பது மாதத்துக்கு மேல் ஹெல்மெட், வேகம் 40-க்குள் என்று விதி இருக்கிறது. 40-இல் நெடுஞ்சாலையில் போனால் பின்னால் வரும் பஸ் உங்களைச் சும்மா விடாது. குழந்தையோடு என்றால் ரயில்.

ஓனர் டெஸ்ட் ரைடு தெருவுக்குள்ள மட்டும்தான்கிறார். அதுவும் பின்னால ஆள் ஏத்தக் கூடாதாம். என்ன பண்றது?

அவர் பயமும் நியாயம்தான், எத்தனையோ பேர் வண்டியோடு போயே போய்விட்டிருக்கிறார்கள். உங்கள் வண்டியையும் சாவியையும் லைசென்ஸ் நகலையும் அவரிடம் கொடுங்கள். "நீங்களும் பின்னாலயே வேற வண்டில வாங்க, பெட்ரோல் நான் போடுறேன்" என்று சொல்லுங்கள். என் மீட்டியரை அப்படித்தான் வாங்கினேன். ஓனர் ஸ்கூட்டரில் பின்னாலேயே துவரங்குறிச்சி வரை வந்தார், அங்கே மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இவ்வளவு சொல்லியும் மறுத்தால் வண்டியில் ஏதோ இருக்கிறது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், இதே மாடல் அடுத்த வாரம் இன்னொன்று விலைக்கு வரும்.